டாக்டரின் கட்டைவிரல்

என் வீட்டுக்காரரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் அவர் அறிவியல் பாடத்தில்தான் கோட்டை விட்டார் என்பது குடும்பத்துக்குள் இருக்கிற விஷயம். அதைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை. நானும் தேவைப்படுகிற நேரத்தில் மட்டும்தான் திறப்பேன்.

எங்களுக்கு மீன் குளம். வீட்டுப் பின்கட்டில் படி இறங்கினால் கரை. திலாப்பியா வளர்க்கிறோம். மதகைத் திறந்துவிட்டால் எங்கள் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக் கீழே இருக்கிற குளத்துக்குப் போகும். அது என் நாத்தனார் புருஷனுடையது. வீட்டு மாப்பிள்ளை என்பதால் அவரை நாங்கள் மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று கூப்பிட, கடைசியில் தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. எங்கள் தண்ணீர் அவருக்குப் போவது போலவே என் வீட்டுக்காரருடைய வைத்தியமும் போகும். இங்கே இன்றைக்கு ஒரு மருந்து என்றால் அங்கே நாளைக்கு அதே மருந்து. ஏன் என்று ஒரு கேள்வி கிடையாது.

காலையில் பல் விளக்கிக்கொண்டே கரையை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். அதுதான் அவருடைய ரவுண்ட்ஸ். ஒரு மீன் கூட்டத்தில் சேராமல் ஓரமாக நின்றால் போதும், வாயிலிருக்கிற நுரையோடு "ஏய், இங்க வா!" என்று என்னைக் கத்திக் கூப்பிடுவார். மீனுக்கும் மனசு சரியில்லாமல் இருக்கலாம், கொஞ்ச நேரம் தனியாக இருக்கட்டும் என்று நான் சொன்னால் எடுபடாது. மேகம் போட்டால் ஒரு மருந்து, மேகம் கலைந்தால் ஒரு மருந்து. தீவன அறையில் ஒரு அலமாரி நிறைய டப்பாக்கள். கோழிக்குச் செய்தது, மாட்டுக்குச் செய்தது, மனுஷனுக்குச் செய்து தேதி முடிந்தது என்று ஆன்டிபயாடிக்காக வாங்கிக் குவித்திருந்தார். சிமெண்டுத் தரையில் தீவனத்தைப் பரப்பி, மேலே மஞ்சள் நிறத்திலோ வெள்ளை நிறத்திலோ அந்த மருந்துப் பொடியைத் தூவி, எண்ணெய் ஊற்றி வெறுங்கையால் பிசைவார். பிசைகிறபோது முகத்தில் ஒரு தெய்வீகக் களை வந்துவிடும். வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவி வைக்கச் சொன்னால் அந்தக் களையைக் காண முடியாது.

அவருடைய வைத்திய சாஸ்திரத்தில் ஒரே ஒரு சட்டம்தான். மீன் சாவது குறைந்ததும் மருந்தை நிறுத்திவிட வேண்டும். "இல்லன்னா உடம்பு மருந்துக்குப் பழகிடும்" என்று வலதுகைக் கட்டைவிரலை ஆட்டி ஆட்டிச் சொல்வார். மற்றவர்கள் ஆள்காட்டி விரலை ஆட்டிப் பேசுவார்கள். இவருக்கு எதுவும் தனி வழிதான்.

போனிலும் வைத்தியம் நடக்கும். ஒருநாள் மாப்பிள்ளை கூப்பிட்டார்.

"மச்சான், ஒரு மீனு தலைகீழா நீந்துது."

"இடது பக்கம் சாஞ்சா, வலது பக்கம் சாஞ்சா?"

"வலது பக்கம்னு நினைக்கிறேன்."

"அப்ப மஞ்சள் பொடி."

இடது பக்கம் என்றால் என்ன பொடி என்று நான் கேட்டேன். அதற்கும் மஞ்சள் பொடிதானாம். பிறகு எதற்குக் கேட்டீர்கள் என்றேன். நோயாளியின் வீட்டாருக்கு ஒரு நம்பிக்கை வர வேண்டாமா என்றார்.

இந்த வண்டி இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அந்த மழைக்காலத்தில்தான் குடை சாய்ந்தது.

முதலில் சில மீன்கள் மிதந்தன. வயிறு உப்பி, கண் பிதுங்கி, துடுப்பின் அடியில் சிவப்புப் புண்ணோடு. மஞ்சள் பொடி போட்டார், கேட்கவில்லை. வெள்ளைப் பொடி போட்டார், கேட்கவில்லை. இரண்டையும் கலந்து போட்டார். மறுநாள் காலையில் நான் கூடையை எடுத்துக்கொண்டு போனால் கூடை போதவில்லை. அலமாரி முன்னால் நின்று ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்தார். மோந்து பார்த்து மருந்து தேடுகிற வைத்தியரை நம்பி உட்கார்ந்திருந்தால் குளத்தில் தண்ணீர்தான் மிஞ்சும் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அவர் வெளியே போன நேரம் பார்த்து, சாகப்போகிற நிலையில் இருந்த ஒரு மீனைப் பிடித்து மூடி போட்ட வாளியில் விட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மீன் நோய்க்கென்று ஒரு லேப் இருப்பதாக ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் வாளியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்னம்மா அதுல?"

"நோயாளி."

அவர் எழுந்துபோய் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டார். நான் வாளியை அந்தக் காலி இடத்தில் தாராளமாக வைத்துக்கொண்டேன்.

லேபில் இருந்தது சின்ன வயசுப் பெண். வெள்ளைக் கோட்டு, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. மீனைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"மருந்து ஏதாவது குடுத்தீங்களா?"

"நிறைய குடுத்தாச்சு."

"யாரு எழுதிக் குடுத்தாங்க?"

"டாக்டர்."

"எந்த டாக்டர்?"

"என் வீட்டுக்காரர்."

"ஓ, அவங்க கால்நடை டாக்டரா?"

"இல்லம்மா. சும்மா டாக்டர்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. மீனை அறுத்து, உள்ளேயிருந்து ஒரு கம்பியால் தொட்டு எடுத்து, வட்டமான தட்டுகளில் தடவினாள். சில நாள் கழித்து வரச் சொன்னாள்.

போனேன். ஒரு தட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். தட்டு முழுக்க மாவு பூசின மாதிரி ஒரு படலம், அதன்மேல் பொட்டுப் பொட்டாகக் காகிதத் துண்டுகள்.

"இந்தப் படலம்தான் உங்க மீன்லேர்ந்து எடுத்த கிருமி. இந்தப் பொட்டு ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மருந்து இருக்கு. மருந்து வேலை செஞ்சா பொட்டைச் சுத்திக் கிருமி வளராது, வட்டமா காலியா இருக்கும்."

வட்டமாவது ஒன்றாவது! காகிதத்தின் விளிம்பு வரைக்கும் வந்து உரசிக்கொண்டு நின்றன கிருமிகள் எல்லாம். ஒரு பொட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தன. ஓரத்தில் ஒரே ஒரு பொட்டைச் சுற்றி மட்டும் சுத்தமான வட்டம் விழுந்திருந்தது.

"நோய் வந்த மீன் தீவனம் தின்னுமா?" என்று கேட்டாள்.

"தின்னாது. முதல்ல அதுதான் நிக்கும்."

"அப்ப நீங்க கலந்து போட்ட மருந்தை யாரு தின்னாங்க?"

"நல்லா இருக்கறது."

"அதான். நோயாளி பட்டினி கிடக்கான், பக்கத்துப் படுக்கைக்காரன் மாத்திரை முழுங்கறான். மிச்சம் கரைஞ்சு தண்ணியோட போகுது. போதாததுக்குப் பாதியிலயே நிறுத்திடறீங்க. மருந்துல சாகற கிருமியெல்லாம் செத்துப் போச்சு. சாகாதது மட்டும் தங்கிக் குடும்பம் நடத்துது. பழகினது மீனு இல்லக்கா, கிருமி."

இத்தனை வருஷம் கட்டைவிரலை ஆட்டி ஆட்டி அவர் சொன்ன சட்டம் இவ்வளவுதான். சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"அப்ப வட்டம் விழுந்த அந்த ஒண்ணை வாங்கிப் போட்டுடலாமா?" என்றேன்.

அவள் தட்டைச் சட்டென்று கீழே வைத்தாள். "ஐயோ! அது ஆஸ்பத்திரியில மனுஷங்களுக்கு வேற எதுவுமே கேக்காதப்போ போடறது. எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பாக்கத்தான் அந்தப் பொட்டை வச்சேன். குளத்துப் பக்கமே அது வரக்கூடாது. அதையும் பழக்கிட்டோம்னா அப்புறம் நமக்குன்னு ஒண்ணும் இருக்காது."

மருந்தை அடியோடு நிறுத்தச் சொன்னாள். செத்ததைத் தினமும் எடுத்துப் புதைக்க வேண்டும், நெருக்கத்தைக் குறைக்க வேண்டும், மதகைத் திறக்கவே கூடாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்து வீட்டில் சொன்னேன். சமயம் பார்த்து, பக்குவமாக, சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன். ஒரு பிரயோஜனமும் இல்லை.

"தட்டுல வளர்றது வேற, தண்ணியில வளர்றது வேற" என்றார். "அந்தப் பொண்ணுக்கு முதல்ல நீச்சல் தெரியுமா?"

"நீச்சலுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"குளத்துல இறங்கத் தெரியாதவ குளத்தைப் பத்தி என்ன சொல்றது?"

அந்தக் கோபத்தோடேயே வலையை எடுத்துக்கொண்டு இறங்கினார். திலாப்பியாவுக்கு முதுகில் வரிசையாக முள். தலைப் பக்கமிருந்து தடவி முள்ளைப் படுக்கவைத்துப் பிடித்தால் ஒன்றும் ஆகாது. அது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அன்றைக்கு லேப் பெண்ணைத் திட்டுவதில் கவனமாக இருந்ததால் வால் பக்கமிருந்து பிடித்துவிட்டார். முள் வலதுகைக் கட்டைவிரலில் நகத்துக்குப் பக்கத்தில் ஏறியது. அந்தக் குளத்துத் தண்ணீரிலேயே விரலைக் கழுவிக்கொண்டு தீவன அறைக்குப் போனார். நான் போய்ப் பார்த்தபோது வெள்ளைப் பொடி டப்பாவுக்குள் கட்டைவிரலைப் புதைத்துவைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"மீனுக்குப் போடற மருந்தை நீங்க போட்டுக்கறீங்களா?"

"கிருமி ஒண்ணுதானே?"

அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான். சொன்னவருக்கே அது எட்டவில்லை.

மறுநாள் காலையில் விரல் பழுத்த மிளகாய் நிறத்தில் வீங்கி, மடங்கமாட்டேன் என்றது. உடம்பெல்லாம் காய்ச்சல். மாப்பிள்ளை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் இங்கே செத்த மீனையெல்லாம் குழிவெட்டிப் புதைத்துவிட்டு மாலையில்தான் போக முடிந்தது. படுக்கையில் சேர்த்துவிட்டிருந்தார்கள். காலையில் மாப்பிள்ளை துணைக்கு இருப்பது, மாலையில் நான் என்று முறை வைத்துக்கொண்டோம். பெரிய டாக்டர் வருவது காலையில். அதனால் அங்கே என்ன பேச்சு நடந்தது என்பது என் காதுக்கு வரவில்லை.

என் கண்ணுக்குத் தெரிந்தது பேனாக்கோடு மட்டும்தான். சிவப்பு எதுவரைக்கும் ஏறியிருக்கிறது என்று நர்ஸ் அவர் கையில் ஒரு கோடு போட்டிருந்தாள். முதல்நாள் கோடு விரலின் அடியில் இருந்தது. அடுத்த நாள் அதைத் தாண்டி மணிக்கட்டில் இன்னொரு கோடு. ஊசிமேல் ஊசி போட்டும் சிவப்பு கோட்டை மதிக்கவே இல்லை. வீட்டுக்குப் போகாமல் இரவு அங்கேயே தங்கிவிட்டேன்.

காலையில் பெரிய டாக்டர் வந்தார். தலை நரைத்தவர், அவசரமில்லாதவர். மாப்பிள்ளையும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எதுவுமே கேக்க மாட்டேங்குதே. அந்த ஆணியைப் பத்தி இன்னொரு தடவை சொல்லுங்க. துருப்பிடிச்சதா?"

"லேசான துருங்க. ரெண்டங்குல ஆணி. தலை கொஞ்சம் வளைஞ்சிருக்கும். பழைய கதவு இல்லையா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்த ஆணிங்க?"

"கதவு ஆணி" என்றார் என்னைப் பார்க்காமல்.

"எந்தக் கதவு?"

"தீவன ரூம் கதவு."

"தீவன ரூமுக்கு எங்கங்க கதவு? சாக்குல்ல தொங்குது!"

டாக்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கதவு வைக்கலாம்னு இருக்கோம்" என்றார்.

சிரிக்கிற இடம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் குரலை உயர்த்தவே இல்லை.

"இங்க பாருங்க. சாயங்காலத்துக்குள்ள சிவப்பு இறங்கலன்னா நாளைக்குக் காலையில இந்தக் கட்டைவிரலை எடுத்தாகணும். இல்லன்னா கைக்கே ஆபத்து. எது குத்துச்சுன்னு தெரிஞ்சா வேற மருந்து யோசிக்கலாம். நிஜத்தைச் சொல்லுங்க."

கட்டைவிரல் போனால் வலை இழுக்க முடியாது, முடிச்சுப் போட முடியாது, வாளியைத் தூக்க முடியாது. இதெல்லாம் அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் பார்வை மாப்பிள்ளை மேலேயே இருந்தது. மீன் டாக்டரை மீனே குத்திவிட்டது, அதுவும் அவருடைய மருந்தையெல்லாம் தின்று வளர்ந்த மீன், என்பது மாப்பிள்ளை காதில் விழுந்தால் பொழுது சாய்வதற்குள் கரைக்குக் கரை பரவிவிடும். மானம் கப்பலேறிவிடும். விரலா மானமா என்று அந்த மனுஷர் கட்டிலில் படுத்துக்கொண்டு எடை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் நானே அந்த விரலைப் பிய்த்துப் போட்டிருப்பேன்.

"மாப்பிள்ளை, கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்" என்றார்.

"இப்பத்தான் குடிச்சேன் மச்சான்."

"அப்ப எனக்கு ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

"உங்களுக்கு வெளியில எதுவும் குடுக்கக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்களே."

நான் குனிந்து அவர் காதில் சொன்னேன். "நீங்க சொல்றீங்களா, இல்ல அறிவியல்ல நீங்க வாங்கின மார்க்கை நான் சொல்லட்டுமா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மீன்" என்றார்.

"என்ன?"

"மீன் குத்திடுச்சு. எங்க குளத்து மீன். நோய் வந்த மீன்."

மாப்பிள்ளை ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டார். "மச்சான்! உங்களையா?"

டாக்டர் அவரைக் கையமர்த்திவிட்டு, குளத்துக்கு ஏதாவது மருந்து போட்டதுண்டா என்று கேட்டார். அவ்வளவுதான். இதுவரை முனகிக்கொண்டிருந்தவர் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தார். "ஆக்ஸிடெட்ராசைக்ளின் நம்ம ஆரம்ப மருந்துங்க. அது கேக்கலன்னா என்ரோஃப்ளாக்சசின். மழைக்கு முன்னாடி அமாக்சிசிலின். போன வருஷத்துலேர்ந்து ஜென்டாமைசினும் சேர்த்துக்கிட்டேன்" என்று பிழையில்லாமல் ஒப்பித்தார். எந்தப் பருவத்தில் எது, எண்ணெய் எவ்வளவு என்று ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவருடைய காய்ச்சலே இறங்கின மாதிரி இருந்தது. எழுதிக்கொண்டிருந்த டாக்டரின் பேனா நடுவில் நின்றுவிட்டது.

"இதெல்லாம் யாரு சொல்லிப் போட்டீங்க?"

"நானே."

"எங்க டாக்டர் சார் இவரு" என்று மாப்பிள்ளை அறிமுகப்படுத்தினார். பெருமையாகத்தான் சொன்னார், பாவம்.

டாக்டர் பேனாவை மூடினார். "வந்ததுலேர்ந்து நான் உங்களுக்கு மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு இருக்கறதெல்லாம் இதே வகைதான். உங்க கிருமி இதையெல்லாம் குழந்தையிலேயே குடிச்சு வளர்ந்திருக்கு."

என் வீட்டுக்காரர் முகத்தில் இருந்த களை ஒரேயடியாக வடிந்துபோயிற்று. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் பேச்சற்றுப் போய் நான் பார்த்தது அப்போதுதான். அதைப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். பார்த்தபோது நெஞ்சு வலித்தது.

நான் லேப் பெண்ணின் நம்பரைக் கொடுத்தேன். டாக்டர் அங்கேயே நின்று அவளிடம் பேசினார். ஆஸ்பத்திரி லேபிலும் விரல் சீழை வைத்துப் பார்த்த தட்டு அன்றைக்கு வந்துவிட்டது. அதுவும் அதையேதான் சொன்னது. வட்டம் விழுந்த அந்த ஒரே மருந்து பாட்டிலாக வந்து அவர் தலைக்கு மேலே தொங்கியது. காலையில் ஆபரேஷனுக்கும் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். எது முந்தும் என்று யாருக்கும் தெரியாது.

நான் வராந்தாவுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அந்தக் கட்டைவிரலை நான் கரித்துக்கொட்டாத நாள் கிடையாது. அதை ஆட்டி ஆட்டித்தான் எனக்கு எதுவும் தெரியாது என்று இத்தனை காலம் சொல்லியிருக்கிறார். ஆனால் அது இல்லாத கையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பின்னாலேயே மாப்பிள்ளை வந்து, எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, தானும் ஒன்று குடித்தார்.

விடிந்ததும் நர்ஸ் வந்து கையைப் பார்த்தாள். சிவப்பு கோட்டைத் தாண்டவில்லை. கோட்டிலிருந்து ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. மத்தியானம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோது நான் அவரைக் கும்பிட்டேன். என் வீட்டுக்காரர் கும்பிட்டுவிட்டு ஒரு சந்தேகம் கேட்டார்.

"அதான் குறைஞ்சிடுச்சே சார், இதோட நிறுத்திக்கலாம் இல்ல?"

வார்டே சிரித்தது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "கடைசிப் பாட்டில் இறங்கற வரைக்கும் கட்டிலை விட்டு இறங்கினீங்கன்னா கட்டிப் போட்டுடுவேன்" என்றார்.

விரல் பிழைத்தது. நகம் போய்விட்டது, நுனி சரியாக மடங்குவதில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், லேப் பெண்ணை வரச் சொன்னது. அவள் வந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியும் என்பதை நான் அவர் எதிரிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன். மீன் முழுவதையும் எடுத்துப் புதைத்து, குளத்துத் தண்ணீரை வெளியே விடாமல் அங்கேயே கிருமிநாசினி அடித்துச் சுத்தம் செய்து, காயப்போட்டுச் சுண்ணாம்பு தூவச் சொன்னாள். அலமாரி டப்பாக்களையும் அள்ளிக்கொண்டு போனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தென்னங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினார். அதற்கு முன்னால் அந்தக் கன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

ஒரு வாரம் போயிருக்கும். மாப்பிள்ளையும் நாத்தனாரும் வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தாடி வளர்ந்திருந்தது.

"எனக்கும் வந்துடுச்சு மச்சான். பாதிக்கு மேல மிதக்குது. அதே புண்ணு, அதே கண்ணு."

என் வீட்டுக்காரர் தலை குனிந்துகொண்டார். எங்கள் மதகுத் தண்ணீர்தான் அங்கே போனது என்று மாப்பிள்ளை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மஞ்சள் வெள்ளை எல்லாம் போட்டுப் பாத்துட்டேன். ஆஸ்பத்திரியில உங்களுக்குக் கடைசியா ஒண்ணு போட்டாங்களே, ஒரே ராத்திரியில நின்னுச்சே, அது பேரு என்ன? பேரை மட்டும் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்ச மருந்துக்கடைக்காரன் இருக்கான், எதுன்னாலும் எடுத்துக் குடுத்துடுவான்."

நான் சமையலறை வாசலில் காபி டம்ளர்களோடு நின்றுவிட்டேன். மாப்பிள்ளை கேட்டு அவர் எதையும் இல்லை என்று சொன்னதில்லை. கூடப் பிறந்தவள் எதிரில் நிற்கிறாள். அவள் கண் சிவந்திருந்தது.

அவர் கட்டுப் போட்ட விரலைப் பார்த்தார்.

"தெரியலையே மாப்பிள்ளை" என்றார்.

"உங்க தலைக்கு மேலதானே தொங்குச்சு?"

"கண்ணாடி கொண்டு போகல."

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க பாத்திருப்பீங்களே?"

"நான் பாட்டிலை எங்க பாத்தேன் தம்பி? அவரைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"சொல்ல மனசில்லன்னு சொல்லு அண்ணா" என்றாள் நாத்தனார். "உனக்கு ஒரு மருந்துப் பேரு தெரியாதா? யாரை ஏமாத்தற?"

அவர் தங்கையின் பக்கம் திரும்பினார். "நான் வந்து வலை போடறேம்மா. மதகை அடைச்சிடலாம். அந்த லேப் பொண்ணைக் கூட்டிட்டு வரேன். காப்பாத்த முடிஞ்சதைக் காப்பாத்தலாம்."

"வலை போட எனக்கே தெரியும்" என்று மாப்பிள்ளை எழுந்தார். "மருந்து சொல்லத்தான் உங்களை டாக்டர்னு கூப்பிட்டோம். இதுகூடத் தெரியலன்னா நீங்க என்ன டாக்டர்?"

"டாக்டர் இல்ல மாப்பிள்ளை."

அவர்கள் காபியைத் தொடாமலேயே போய்விட்டார்கள். வண்டிச் சத்தம் தெருமுனையில் அடங்கியது. நான் டம்ளரை அவர் கையில் கொடுத்தேன். இடது கையால் வாங்கிக்கொண்டார்.

"நிஜமாவே பேரு தெரியாதாங்க?"

அவர் வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். என்ன அளவு, எத்தனை வேளை என்று சொன்னார். அதோடு நிற்கவில்லை.

"கிலோ தீவனத்துக்கு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, நம்ம குளத்துக்கு எத்தனை பாட்டில்னு அந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டே கணக்குப் போட்டுட்டேன். விரல் பிழைக்குமான்னே தெரியாத நேரத்துல, இதைத்தான் யோசிச்சிட்டு இருந்தேன்."

நான் அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன்.

"யார் வந்து கேட்டாலும் சொல்லிடாத" என்றார். "நானும் இதை மறந்துடப் பாக்கறேன். குளத்துல மறுபடியும் மீன் சாகும். அப்ப நானே வந்து உங்கிட்ட கேப்பேன். எனக்கும் சொல்லிடாத."